நான்காவது படம்

மன்னார்த் தீவில் உலகத்தரம் என்று சொல்லத்தக்கவை மூன்று: பெருக்கமரம், கழுதை, நான். முதல் இரண்டையும் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மூன்றாவதைப் பார்க்க இன்னும் ஒருவரும் வரவில்லை. அது அவர்களுடைய இழப்பு. படத்தைக் காட்டிப் பாட்டைக் கேட்டால் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஆள், தலைமன்னார் முனையில் தொடங்கிப் பாலம் கடந்து சிலாவத்துறை வரைக்கும், என்னைவிட வேறு ஒருவரும் கிடையாது. இதைத் தற்பெருமையாக எடுக்க வேண்டாம். விசாரணைக் குழுவின் வசதிக்காகச் சொல்கிறேன். ‘பாவம், பெடியன் தெரியாமல் செய்துவிட்டான்’ என்று எழுதி என்னைத் தப்பவிடும் எண்ணம் குழுவுக்கு இருந்தால், அந்த வழியை முதலிலேயே அடைத்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது.

விடயம் அறியாதவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், அவர்களுக்காக: ‘படத்துக்குப் பாட்டு’ என்பது எங்கள் வட்ஸ்அப் குறூப். கொரோனா ஊரடங்கில் தொடங்கியது. ஒருவர் சில படங்களைப் போடுவார். அவை எந்தப் பாட்டின் தொடக்க வரிகளைக் குறிக்கின்றன என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வென்றவர் அந்த வரிகளைப் பாடிக் குரல்பதிவாக அனுப்ப வேண்டும். நான் அட்மின், ஆகவே நடுவரும் நானே. பெயர் டிலோஜன். கம்பஸில் மூன்றாம் வருடம். கம்பஸை அடிக்கடி மூடிவிடுவதால் பெரும்பாலும் வீட்டில்.

விசாரணைக் குழுவின் தலைவர் றினாஸ். சிலாவத்துறையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். உறுப்பினர் லூர்தம்மா அன்ரி. பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். குழுவில் வேறு ஆட்கள் இல்லை. இந்த நாட்டில் ஒரு விசாரணைக் குழு அமைத்தால் அறிக்கை வர ஒரு தலைமுறை செல்லும். வந்தாலும் ஒரு அலுமாரிக்குள்தான் வரும். இவர்கள் இரண்டுபேரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னர் வேண்டும் என்கிறார்கள். நாட்டின் மரபைக் கெடுக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்துகொண்டு, ஒத்துழைக்கிறேன்.

எங்கள் குறூப்பின் சிறப்பு நான் போட்ட விதியில் இருந்தது. கூகிளில் எடுத்த படம் கூடாது. அவரவர் வீட்டில், வளவில், தெருவில் தாங்களே பிடித்த படமாக இருக்க வேண்டும். இதனால் விளையாட்டின் தரம் எங்கேயோ போய்விட்டது. றினாஸ் ஒருநாள் விரித்த குடை ஒன்றையும் தன் மாமனாரின் மொட்டைத் தலையையும் அடுத்தடுத்துப் போட்டார். ‘முழுநிலவே குடைக்குள்ளே வா.’ படம் முழுதாகத் தெளிய முதலே நான் விடையைத் தட்டச்சில் போட்டுவிட்டேன். மாமனார் அதன்பிறகு ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை என்று கேள்வி.

தட்டச்சில் போட்டேன் என்பதைக் கவனிக்கவும். நான் ஒருபோதும் பாடியதில்லை. பாடுவது லூர்தம்மா அன்ரி போன்றவர்களின் வேலை. இரண்டு வரி பாடச் சொன்னால் அன்ரி முழுப்பாட்டையும் பாடுவார். இடையில் குக்கர் விசிலடிக்கும், அன்ரி அதையும் சுருதியோடு சேர்த்துக்கொள்வார். கம்பஸ் சுவர்ப்பத்திரிகையில் நான் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். தலைப்பு, ‘பாட்டு நோய்: அறிகுறிகளும் பராமரிப்பும்.’ இந்த நோய் கண்டவர் உலகத்தில் உள்ள பாட்டெல்லாம் தனக்காகவே எழுதப்பட்டது என்று நம்புவார். ஒரு பெண் பூவைப் படமெடுத்துப் போட்டால், அது பூ என்று எடுக்கமாட்டார். தனக்கு வந்த சேதி என்று எடுப்பார். முற்றினால் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்குவார். கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. ஒரு விரிவுரையாளர் தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். அதுவே ஒரு அறிகுறி.

இப்போது ஜெஸ்லியா. பள்ளிமுனையில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவள்தான். குறூப்பில் ஆகத் திறமான விடுகதைகளைப் போட்டவள் அவள்; இதை நடுவர் என்ற முறையில் சொல்கிறேன், வேறு எந்த முறையிலும் அல்ல. சின்னப் பிள்ளைகளின் செருப்பு, காயப்போட்ட வலை, உடைந்த கதிரை, இவற்றை வைத்து அவள் பாட்டுக் கட்டுவாள். அவளுடையதைத் திறப்பதற்கு எனக்கே கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும்.

பார்த்தீபனை குறூப்பில் சேர்த்தவளும் அவள்தான். அவன் எங்கள் கரையோரத்து ஐஸ் கொம்பனியில் வேலை. சொந்த இடம் இலுப்பைக்கடவைக்கு உள்ளே ஒரு குடியேற்றம். பெற்றோர் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறிய ஆட்கள், தோட்டம், கூலிவேலை. அவன் விளையாட்டில் மகா மக்கு. குடையும் மொட்டைத் தலையும் போட்ட அன்றைக்கு, ‘மழைக்குள்ள தாத்தா’ என்று ஒரு பாட்டு இருக்கிறதா என்று கேட்டவன். ஆனால் ஜெஸ்லியா போட்டால் மாத்திரம் எனக்கு முன்னர் விடை சொல்வான். ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. ஒரு நடுவர் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. விளையாட்டின் நேர்மை சம்பந்தப்பட்ட விடயம்.

இரண்டுபேருக்கும் இடையில் என்ன இருந்தது என்று ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாத காலத்திலேயே எனக்குத் தெரியும். அவளுடைய படங்களின் ஓரத்தில் ஐஸ் கொம்பனியின் மதில் வரத் தொடங்கியிருந்தது.

பிறகு அவளுடைய தமையன் அமல்ராஜுக்கும் தெரிந்தது. அமல்ராஜ் நல்ல மனிதர். இரண்டு போட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாய் நிற்பார். பார்த்தீபன் அடித்துக்கொடுக்கும் ஐஸில்தான் அவருடைய மீன் கெடாமல் கொழும்பு போகிறது. அதற்காக மச்சான் என்று கூப்பிட முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அவசரமாகக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். ஜெஸ்லியாவின் போனைத் தினமும் வாங்கிப் பார்த்தார். பார்த்தீபனின் இலக்கத்தைத் தடைசெய்தார். எங்கள் குறூப்பை மாத்திரம் விட்டுவைத்தார்.

“நீ அட்மினா இருக்கிற குறூப் தானே தம்பி, எனக்குப் பயமில்லை” என்றார்.

அந்த நம்பிக்கைக்கு நான் பாத்திரமாக நடந்தேன் என்பதைக் குழு கவனத்தில் எடுக்க வேண்டும்.

கத்தோலிக்கர் அல்லாத தலைவருக்காக ஒரு விளக்கம். எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன்னர் மூன்று ஞாயிறு பூசையில் பாதர் அறிவித்தல் வாசிப்பார்: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். வழக்கமாக இந்த நேரத்தில்தான் ஆட்கள் இருமுவார்கள்.

முதலாம் அறிவித்தல் வாசித்த அன்று பின்னேரம் ஜெஸ்லியா குறூப்பில் எழுதினாள்: “டிலோ, உமக்கு எல்லாம் தெரியுமே. ஏன் மூண்டு தரம் வாசிக்கினம்?”

எனக்கு எல்லாம் தெரியும் என்பது உண்மை. ஆகவே விரிவாக விளக்கினேன். யாராவது ஒருவர், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்றாலும், மூன்றாம் ஞாயிறு பூசை மணி அடிக்க முதல் பாதரிடம் போய் ஒரு தடை இருக்கிறது என்று சொன்னால் போதும். பாதர் பொம்பிளையைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் ஒருவரும் இல்லாமல், உனக்கு விருப்பமா என்று கேட்டே ஆகவேண்டும் என்று எழுதினேன். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டாவிட்டால் உள்ளே இருப்பவரிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு வசனமும் சேர்த்தேன். நல்ல வசனம். லூர்தம்மா அன்ரி கைகூப்பிய படம் போட்டார்.

அந்த நாட்களில் ஜெஸ்லியாவைத் தனியாக ஒரு இடத்திலும் காண முடியாது. முன்பள்ளிக்கு அமல்ராஜ் கொண்டுபோய் விடுவார், அமல்ராஜ் கூட்டிவருவார். பாதரைச் சந்திக்கப் போனபோதும் பக்கத்துக் கதிரையில் அமல்ராஜ். பாதர் அவளிடம் விருப்பமா என்று கேட்டாராம். அமல்ராஜ் ஓம் என்றாராம்.

இரண்டாம் ஞாயிறும் போனது. அந்தக் கிழமை நடுவில், ஒரு பின்னேரம், ஜெஸ்லியா குறூப்பில் ஒரு விடுகதை போட்டாள். நான்கு படங்கள்.

முதலாவது, அவளுடைய யன்னலால் தெரிகிற கோயில் மணி. இரண்டாவது, வீட்டுப் பீடத்தில் மூன்று மெழுகுதிரிகள். முதல் இரண்டும் அணைந்திருக்க, மூன்றாவது எரிகிறது. மூன்றாவது, அவர்கள் வீட்டுப் பின்கதவு, திறந்தபடி. நான்காவது, ஐஸ் கட்டி இழுக்கிற இரும்புக் கொளுக்கி. ஐஸ் கொம்பனி மதிலில் சாத்திவைத்திருந்ததைத் தெருவில் போகும்போது பிடித்திருக்கிறாள். படம் கொஞ்சம் ஆடியிருந்தது. பக்கத்தில் அமல்ராஜ் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

எங்கள் கரையில் கலியாண வீடுகளில் பாடுகிற பைலா ஒன்று உண்டு.

‘மணி அடிக்க முந்தி வந்திடு மச்சான், வாசல்கதவு திறந்திருக்கு மச்சான், கொளுக்கி போட்டு இழுத்திடு மச்சான்.’

குடித்தவர்கள் பாடுகிற பாட்டு. அர்த்தம் பார்த்து ஒருவரும் பாடுவதில்லை. ஜெஸ்லியா பார்த்திருக்கிறாள். மெழுகுதிரி பாட்டில் இல்லை, அது திகதி. மூன்றாம் ஞாயிறு. மணி அடிக்க முதல். கொளுக்கி வைத்திருப்பவன் வரவேண்டும். தமையன் பார்த்தால் ஒரு விளையாட்டு. பார்க்க வேண்டியவன் பார்த்தால் ஒரு விண்ணப்பம். இதைவிடச் சிறந்த விடுகதை எங்கள் குறூப்பில் வந்ததில்லை. நடுவர் என்ற முறையில் முழுப் புள்ளியும் கொடுக்கிறேன்.

அந்த நேரம் பார்த்தீபன் வேலையில் இருந்தான். ஐஸ் கொம்பனிக்குள் தண்ணீர் என்பதால் அவனுடைய போன் வெளியே ஆணியில் தொங்குகிற சேட்டுப் பைக்குள் இருக்கும். வேலை முடியும்வரை பார்க்கமாட்டான்.

நான் ஒரு புதிய விதி போட்டேன். ‘இன்று முதல் ஒரு விடுகதைக்கு மூன்று படங்கள் மாத்திரமே. மேலதிகப் படங்கள் நீக்கப்படும்.’ விதி என்றால் உடனே நடைமுறைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் மக்கள் மதிக்கமாட்டார்கள். அட்மினுக்கு எல்லோருடைய போனிலிருந்தும் ஒரு செய்தியை அழிக்கிற வசதி உண்டு. நான்காவது படத்தை அழித்தேன்.

பிறகு விடையையும் நானே அறிவித்தேன். ‘விளக்கும் அணைந்ததே, கதவும் அடைந்ததே, இனி உன் வழி நீ போ.’ அப்பா காலத்துச் சோகப்பாட்டு. பொருத்தம் கொஞ்சம் குறைவுதான்.

லூர்தம்மா அன்ரி குரல்பதிவில் கேட்டார்: “தம்பி, அந்தக் கதவு ஆவெண்டு திறந்தெல்லோ கிடக்கு?”

“சாத்துறதுக்கு முதல் எந்தக் கதவும் திறந்துதான் அன்ரி கிடக்கும்” என்று எழுதினேன்.

“அப்ப மணி?”

“அலங்காரம்.”

றினாஸ் கேட்டார்: “டேய், ஒரு கொளுக்கியும் வந்திச்சே, எங்கடா அது?” நான் விதியைக் காட்டினேன். அவர், “நீ பெரிய பாராளுமன்றம்தான் போ” என்று எழுதிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனார். றினாஸின் அந்த இரண்டு பேச்சுகளையும் நான் உடனே அழித்தேன். விவாதம் நீண்டால் குறூப்பின் ஒழுங்கு கெடும்.

எங்களிடம் இன்னொரு விதியும் இருந்தது, இது பழையது. நடுவர் சொன்ன விடை பிழை என்றால் விடுகதை போட்டவர் மறுக்கலாம். மறுக்காவிட்டால் அதுவே விடை. ஜெஸ்லியா மறுக்கக்கூடும் என்று எனக்குப் பட்டது. ஆகவே அமல்ராஜுக்கு ஒரு அழைப்பு எடுத்தேன். காட்டிக்கொடுக்கவில்லை, பார்த்தீபனின் பெயரை நான் எடுக்கவே இல்லை.

“அண்ணை, கலியாணப் பொம்பிளை நெடுக போனைப் பார்த்துக்கொண்டிருந்தா கண்ணுக்குக் கீழ கறுப்பு விழும். வீடியோவில அப்பிடியே தெரியும். கனடாக்காரர் பார்க்கிற வீடியோ.”

“அட, இது எனக்குத் தோணேல்லையே” என்றார் அமல்ராஜ். “இப்பவே வாங்கி வைக்கிறன் தம்பி. நீ படிச்ச பெடியன் எண்டது இதுக்குத்தான்.”

ஜெஸ்லியா மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மீன் போட்டுவைக்க ஐஸ் வாங்கிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார். நானாகப் போகவில்லை. பார்த்தீபன் கட்டிகளைக் கொளுக்கியால் இழுத்து அரைக்கிற இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினான்.

“வாங்கண்ணே.” எங்கள் பக்கத்தில் அண்ணை என்போம். அவனுடைய பேச்சில் பெற்றோரின் மலைநாடு மிச்சம் இருந்தது. “ஒண்ணு கேக்கணும். கோவிக்கக் கூடாது.”

“கேளும்.”

“ஜெஸ்லியா போட்டதுக்கு நீங்க சொன்ன விடை… சரிதானாண்ணே?”

“நான் எப்ப பிழையாச் சொன்னனான்?”

“அது இல்லண்ணே. மெழுகுதிரி மூணுல கடைசி மட்டும் எரியுது. மூணாவது ஞாயித்துக்கிழமையோன்னு ஒரு யோசனை. நீங்கதானே எழுதினீங்க, வெளியாள் யாராச்சும் வந்து சொன்னா பாதர் தனியாக் கேப்பாருன்னு.”

“கடையில திரி மூண்டு மூண்டாக் கட்டித்தான் விக்கிறாங்கள் பார்த்தீபன். அதுதான் மூண்டு. மிச்சம் ரெண்டும் காத்துக்கு நூர்ந்திருக்கும்.”

அவன் தலையை ஆட்டினான். “அப்ப நீங்க அழிச்ச படம்? அதுல என்ன இருந்துச்சு?”

இந்த இடத்தில் குழு என்னிடம் எதிர்பார்ப்பது எதுவோ, அது எனக்கும் தெரிகிறது. அவன் கொளுக்கியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டான். நுனியிலிருந்து ஐஸ்தண்ணீர் என்னுடைய செருப்பில் சொட்டியது.

“ஒரு சட்டி” என்றேன்.

“சட்டியா?”

“மீன்சட்டி. கை தவறிப் போட்டிட்டாள் போல.”

அவன் கொஞ்சநேரம் சட்டியைப்பற்றி யோசித்தான். சட்டி வருகிற பாட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடினான் என்று நினைக்கிறேன். அவனுக்குப் பாட்டுத் தெரியாது என்று முன்னரே சொல்லியிருக்கிறேன்.

“அவ பிழைன்னு சொல்லலையே, இல்ல?”

“சொல்லேல்லை.” இது உண்மை. தேவையில்லாமல் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

“நாளைக்கு வந்து பாதர்ட்ட சொல்லலாம்னு சட்டை கூடத் தோய்ச்சு வச்சேன். அவளே போகச் சொல்லிட்டான்னா, நான் போய் அங்க நிக்கிறது அவளுக்கு மரியாதை இல்ல. இல்லண்ணே?”

“ஓம்” என்றேன். “மரியாதை இல்லை.”

ஐஸை அவனே பையில் அள்ளிப்போட்டுத் தந்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடப் போட்டான்.

மூன்றாம் ஞாயிறு நான் நேரத்தோடு கோயிலுக்குப் போனேன். ஜெஸ்லியா முன்வரிசையில், அமல்ராஜுக்குப் பக்கத்தில். முதலாம் மணி அடிக்க முதல் திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் ஒரு கழுதை நின்றது, அதைக் கலைத்துவிட்டார்கள். மணி அடித்தது. பிறகும் பார்த்தாள். அறிவித்தலை வாசிக்கும்போது பாதர் வழக்கம்போல, தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்றார். அந்த யாராவது என்ற சொல்லுக்குள் நானும் அடக்கம். எனக்குத் தெரிந்தது வேறு ஒருவருக்கும் தெரியாது. எழும்பிப்போய்ப் பாதரின் காதில் ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த வசனத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான்தான் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழும்பவில்லை. இருமினேன்.

அதன்பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தீபன் திங்கட்கிழமை வேலையை விட்டான். குறூப்பை விட்டு விலக முதல் ஒரு வரி போட்டான்: ‘விடை சரிதான் அண்ணே. நன்றி.’ கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கலியாணம் சிறப்பாக நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பைலா தொடங்கியது. அந்தப் பாட்டும் வந்தது; வராமல் எங்கள் கரையில் கலியாணம் இல்லை. அமல்ராஜ் கையைத் தூக்கி ஆடினார். கொளுக்கி போட்டு இழுத்திடு மச்சான் என்ற இடத்தில் பொம்பிளை எழும்பி அறைக்குள் போனாள். சீலை கசங்கிவிட்டதாம் என்று வெளியே வந்து சொன்னார்கள்.

அந்த இடத்தில்தான் பிரியாணித் தட்டோடு நின்ற றினாஸுக்கு விளங்கியிருக்கிறது. அவருடைய போனில் வருகிற படமெல்லாம் தானாகவே சேமிக்கப்படும். போன் திருத்துகிறவர் என்பதால் அதை நிறுத்தத் தெரியாது. போனின் படக் கலரியைத் திறந்து பார்த்திருக்கிறார். மணி, திரி, கதவு, கொளுக்கி. தட்டை வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார். பார்த்தீபனின் இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குப் பல மாதம் பிடித்தது. பார்த்தீபன் ஒன்றுதான் கேட்டானாம்: “சட்டின்னு சொன்னாரேண்ணே?”

இதுதான் நடந்தது. குழுவின் கேள்வி, ஏன் என்பது. லூர்தம்மா அன்ரி அதைக் குரல்பதிவாக அனுப்பியிருந்தார். முதன்முறையாக அதில் பாட்டு இல்லை. “ஏன்ரா மோனே?” என்று மாத்திரம் இருந்தது.

என் காரணங்கள் நியாயமானவை. ஒன்று, அது பாட்டுக் குறூப், விண்ணப்பங்களுக்கு இடமில்லை. இன்னொன்று, படங்களின் எண்ணிக்கை கூடினால் டேட்டா செலவாகும். மேலும், ஐஸ் கொம்பனிக் கூலியை நம்பி ஒரு ஆசிரியை என்ன வாழ்க்கை வாழ்வாள் என்பதை ஒரு சமூக அக்கறையோடு பார்க்க வேண்டியிருந்தது.

இவற்றோடு சம்பந்தமில்லாத ஒரு சிறு விபரம் உண்டு. ஒன்றையும் மறைக்கவில்லை என்ற பெயர் எனக்கு வேண்டும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சிக்னல் மந்தம். அன்று பின்னேரம் மணியும் மெழுகுதிரியும் கதவும் இறங்கின. நான்காவது படம் மங்கலாக நின்று, அதன் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மணி என்றதும் பைலா பிடிபட்டுவிட்டது. மூன்றாம் ஞாயிறு என்பதும் பிடிபட்டுவிட்டது. என்னிடம்தான் அவள் ஏன் மூன்று தரம் என்று கேட்டவள். உமக்கு எல்லாம் தெரியுமே என்று எழுதியவள். அவளுடைய விடுகதையை முழுதாகத் திறக்கக்கூடியவன் இந்தத் தீவில் ஒருவன்தான். வட்டம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் எழும்பி, அலுமாரியிலிருந்து வெள்ளைச் சேட்டை எடுத்து, ஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, ஒரு கைக்கு ஸ்திரிக்கை போட்டும் முடித்திருந்தேன். பாதரிடம் எப்படித் தொடங்குவது என்றுகூட ஒரு வசனம் தயாராகி இருந்தது.

பிறகு படம் தெளிந்தது. கொளுக்கி.

ஸ்திரிப்பெட்டியை நிறுத்திவிட்டு விதியைத் தட்டச்சு செய்தேன். அவ்வளவுதான். அந்தப் படத்தை அழித்தவன் நான். போனைப் பறிக்க வைத்தவன் நான். வருவதற்குத் தயாராக நின்றவனைத் திருப்பி அனுப்பியவன் நான். ஒரு பெண் உதவி கேட்டதை முழுதாக வாசித்த ஒரே ஆள் நான், அவளைக் கட்டிக்கொடுக்கவிட்டேன். அட்மின் பதவியிலிருந்து என்னை நீக்கும் தீர்மானத்தை ஏற்றுக்கொள்கிறேன். படங்களையும் முழு விபரத்தையும், இப்போது கனடா போய்ச் சேர்ந்துவிட்ட ஜெஸ்லியாவுக்கும் அனுப்பிவிட்டதாகத் தலைவர் நேற்று அறிவித்தார். அது அவருடைய உரிமை. அவளுக்கும் உண்மை தெரிவது நல்லதுதான். தெரிந்தால் ஒரு மனிதனை விளங்கிக்கொள்ளலாம்.

இன்று காலையில் அவள் முகநூலில் ஒரு படம் போட்டிருக்கிறாள். பனி மூடிய காரின் கண்ணாடி. அதில் விரலால் கீறிய ஒரு மீன். சொந்தக்காரர் இதயம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. மீனின் முகம் இடப்பக்கம் பார்க்கிறது. பள்ளிமுனையிலிருந்து கடலைப் பார்த்து நின்றால் எங்கள் வீடு இடப்பக்கம். இந்தத் தீவில் எல்லா வீடும் ஏதோ ஒரு பக்கம்தான் என்று றினாஸ் சொல்லக்கூடும். அவர் போன் திருத்துகிறவர்.

அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும். மத்தியானம் வெயிலில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துக் கரைக்குப் போனேன். இழுத்துவைத்த வள்ளங்களுக்குப் பின்னால் நின்று, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, இரண்டு வரியும் பாடி, அவளுடைய இலக்கத்துக்கு அனுப்பினேன். குரல் பரவாயில்லை. காற்றுச் சத்தம் கொஞ்சம் விழுந்திருக்கும்.

இதை எழுதி முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒற்றைச் சரிக்குறிதான் விழுந்திருக்கிறது. அவளுடைய படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற ஆள் ஒன்று நிற்கிறது. ரொறன்ரோவில் சிக்னல் சரியில்லைப் போல.